14 பக்க மெயிலில் 2 பக்கம் மட்டும்: கந்தோரில் பாவித்துப் பார்த்த பிரிண்ட் வழிகள்

நான் வேலை செய்வது கொழும்பு கோட்டையில், சரக்கு அனுப்புவதும் இறக்குவதும் பார்க்கும் ஒரு சின்னக் கம்பனியில். ஏழு பேர், ஒரு லேசர் பிரிண்டர். டொகியூமென்ட் வேலை முழுக்க என் பொறுப்பு. எங்கள் தொழிலில் எல்லாமே மெயிலில்தான் நடக்கிறது. கப்பல் கம்பனியிடம் விலை கேட்பது, வாடிக்கையாளருக்கு விலை சொல்வது, சரக்கு ஏற்றியதற்குக் கப்பல் கம்பனி தரும் பில் ஒஃப் லேடிங் பத்திரத்தின் டிராஃப்டைத் திருத்துவது, கப்பல் வரும் திகதி மாறினால் அறிவிப்பது என்று ஒரே மெயிலுக்குப் பதில் போட்டு, அந்தப் பதிலுக்கு இன்னொரு பதில் வந்து, கொள்கலன் துறைமுகத்துக்கு வந்து சேரும் நேரத்தில் இருபது முப்பது கடிதங்கள் ஒன்றின் அடியில் ஒன்றாகத் தொங்கிக்கொண்டிருக்கும். ஃபைலுக்கு வேண்டியது அதில் ஒன்றரைப் பக்கம். கடைசியாக முடிவான விலை, கொள்கலன் இலக்கம், யார் என்றைக்கு ஒப்புக்கொண்டார் என்ற விபரம், அவ்வளவுதான். ஆனால் பிரிண்ட் கொடுத்தால் 14 பக்கம் வரும். மீதிப் பக்கங்களில் இருப்பது பழைய பதில்கள், ஒவ்வொருவர் பெயருக்குக் கீழும் கம்பனி லோகோ, அதற்குக் கீழே இந்த மெயில் இரகசியமானது என்று எட்டு வரி.

பல வருடமாக நாங்கள் அந்த 14 பக்கத்தையும் அப்படியே எடுத்து, ஸ்டேப்ளர் அடித்து, ஃபைலில் போட்டுக்கொண்டிருந்தோம். யாரும் அதை ஒரு பிரச்சினையாகவே பார்க்கவில்லை. பேப்பர் செலவு என்று மாதக் கடைசியில் சேர் கொஞ்சம் முணுமுணுப்பார், அதோடு சரி.

அதை மாற்ற வைத்தது பேப்பர் செலவு இல்லை. ஒரு நாள் ஒரு வாடிக்கையாளர் தன் சரக்கு பற்றிய மெயிலின் பிரதி வேண்டும் என்று கேட்டார். எங்களில் ஒருவர் வழக்கம்போல முழுத்தொடரையும் பிரிண்ட் எடுத்து உறையில் போட்டுக் கொடுத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து அந்த மனிதர் நேரில் வந்தார். சத்தம் போடவில்லை. பையில் இருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார், அது அந்தக் கட்டின் பதினோராவது பக்கம். அதில் கப்பல் கம்பனி எங்களுக்குக் கொடுத்த விலை இருந்தது, அதைச் சுற்றி அவர் பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருந்தார். பக்கத்தில் நாங்கள் அவரிடம் வாங்கிய விலையையும் எழுதியிருந்தார். நியாயமான இலாபம்தான், மறைக்க வேண்டிய அநியாயம் எதுவும் இல்லை. ஆனாலும் அந்தத் தாள் அவர் கைக்குப் போயிருக்கக் கூடாது. அவர் இன்றைக்கும் எங்களோடுதான் இருக்கிறார், ஆனால் அன்றில் இருந்து ஒவ்வொரு விலைக்கும் பேரம். அந்த நிமிடம் அவர் முன்னால் நின்றது நான். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

அதற்குப் பிறகுதான், மெயிலில் வேண்டிய பக்கத்தை மட்டும் எடுக்க ஒழுங்கான வழி எது என்று கந்தோரில் இருக்கும் எல்லாக் கணினிகளிலும் போட்டுப் பார்த்தேன். ஐந்து பேர் ஜிமெயிலை குரோமில் திறந்து வேலை செய்கிறோம், இரண்டு பேரிடம் அவுட்லுக், நான் வீட்டில் பாவிப்பது தண்டர்பேர்ட். மூன்று மாதம் பாவித்த பிறகு எழுதுகிறேன்.

முதலில் ஜிமெயில். இதில் நாங்கள் காலம் காலமாகச் செய்த பிழை, தொடரின் மேலே வலப்பக்கம் இருக்கும் பிரிண்டர் படத்தை அழுத்துவது. அது 'பிரிண்ட் ஓல்', பெயரிலேயே இருக்கிறது, தொடர் முழுக்க வரும். ஒரு மெயில் மட்டும் வேண்டுமென்றால் அந்த மெயிலைத் திறந்து, அதன் வலப்பக்க மூலையில் இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தி, அதற்குள் இருக்கும் 'பிரிண்ட்'டைக் கொடுக்க வேண்டும். பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதி என்னவென்றால், அந்த ஒரு மெயிலின் அடியிலேயே பழைய பதில்கள் மேற்கோளாக ஒட்டியிருந்தால் அவையும் கூடவே வரும். ஒவ்வொரு பதிலும் முந்தையதை விடக் கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்பதால், ஆறாவது ஏழாவது அடுக்குக்குப் போகும்போது எழுத்துகள் தாளின் வலப்பக்கத்தில் ஒடுங்கிய ஒரு பட்டையாக இறங்கும். நாலு வரி விஷயம் அரைப் பக்கம் பிடிக்கும். பக்கக் கணக்கு ஏறுவது இதனால்தான்.

இந்த இடத்தில்தான் குரோமின் பிரிண்ட் பெட்டி கை கொடுக்கிறது. அழுத்தியவுடன் இடப்பக்கம் தாள்கள் தெரியும், வலப்பக்கம் 'பேஜஸ்' என்று ஒரு வரி, அதில் 'ஓல்' என்று இருக்கும். அதை 'கஸ்டம்' ஆக்கினால் கீழே ஒரு கட்டம் திறக்கும். அதில் 1-2 என்று அடித்தால் இடப்பக்கம் மீதித் தாள்கள் மறைந்து இரண்டு மட்டும் நிற்கும், மேலே எத்தனை தாள் என்று சொல்லும் இடத்தில் 14 போய் 2 வந்திருக்கும். இந்த இலக்கம் மாறுவதைக் கண்ணால் பார்ப்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. அழுத்துவதற்கு முன்னமே என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிடுகிறது. தொடர்ச்சியாக இல்லாத பக்கங்கள் வேண்டுமானால் நடுவில் கமா போட்டு 1, 4-5, 9 என்று கொடுக்கலாம், சொன்னபடி கேட்கும்.

'மோர் செட்டிங்ஸ்' என்று கீழே ஒன்று இருக்கிறது, அதைப் பெரும்பாலானோர் திறப்பதில்லை. திறந்து பாருங்கள். அதில் 'ஸ்கேல்' என்பதை 100இல் இருந்து 90க்கு இறக்கினால் பல நேரம் மூன்று பக்கம் இரண்டாகிவிடும், ஏனென்றால் மூன்றாம் பக்கத்தில் பெரும்பாலும் இருப்பது 'நன்றி' என்ற வரியும் ஒரு லோகோவும்தான். 80க்குக் கீழே போகாதீர்கள், சேரின் கண்ணுக்கு எட்டாது, திருப்பி எடுக்கச் சொல்வார், மிச்சம் பிடித்த தாள் அங்கே போய்விடும். 'ஹெடர்ஸ் அன்ட் ஃபூட்டர்ஸ்' டிக்கை ஃபைலுக்கு எடுக்கும்போது விட்டுவைக்கிறேன், எடுத்த திகதி தாளின் மேலே விழும், பிறகு தேட உதவும்.

அதே இடத்தில் இன்னொரு வழியும் உண்டு. மெயிலில் வேண்டிய பகுதியை மட்டும் மௌஸால் இழுத்து நிறமாக்கி, வலது கிளிக் செய்து பிரிண்ட் கொடுத்தால் அந்தப் பகுதி மட்டும் வரும், 'செலெக்ஷன் ஒன்லி' என்று டிக் விழுந்திருக்கும். பார்க்க இதுதான் எல்லாவற்றிலும் சுத்தமான வழி போலத் தோன்றும், முதல் வாரம் எல்லாவற்றையும் இப்படியே எடுத்தேன். பிறகு ஃபைலைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, தாளில் விலை இருக்கிறது, கொள்கலன் இலக்கம் இருக்கிறது, ஆனால் யார் அனுப்பியது, யாருக்கு, எந்தத் திகதி என்று எதுவும் இல்லை! அனாதைத் தாள். எங்கள் வேலையில் பெயரும் திகதியும் இல்லாத விலைக்கு ஒரு மதிப்பும் கிடையாது. அதனால் இதை இப்போது முகவரி லேபல் எடுக்கவும், கொள்கலன் இலக்கங்களின் பட்டியலை யார்டுக்குக் கொடுக்கவும் மட்டும் பாவிக்கிறேன். ஃபைலுக்கு எப்போதும் முதல் பக்கத்தில் இருந்துதான், அனுப்பியவர் பெயரும் திகதியும் விஷயமும் அங்கேதான் இருக்கின்றன.

இனி, எனக்கே பிந்தித் தெரிய வந்த ஒரு விஷயம். ஒரு நாள் நான் துறைமுகத்தில் நிற்கிறேன், கந்தோரில் இருக்கும் தங்கச்சிக்கு ஃபோன் எடுத்து, "அந்த மெயிலில மூன்றாம் பக்கத்தை மட்டும் எடுத்து நானாட்ட குடுத்து விடுங்க" என்றேன். அரை மணித்தியாலத்தில் எங்கள் வார்ஃப் கிளார்க் நானா கொண்டு வந்த தாளில் பாதி வேறு விஷயம். "அக்கா, நீங்க சொன்ன மூன்றாம் பக்கம்தானே எடுத்தன்" என்கிறாள் அவள், பொய்யில்லை. பிறகு உட்கார்ந்து பார்த்தால், அவளுடைய கணினியில் தாள் அளவு லெட்டர் என்று இருந்தது, என்னுடையதில் ஏ4. ஏ4 தாள் 297 மில்லிமீற்றர் உயரம், லெட்டர் 279. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று நாலு வரி கீழே தள்ளப்பட்டு, மூன்றாம் பக்கத்துக்கு வரும்போது ஒரு பந்தியே இடம் மாறியிருக்கிறது. அப்போதுதான் விளங்கியது, மெயிலுக்கு உண்மையில் பக்கம் என்று ஒன்றே கிடையாது. அது ஒரே நீளச் சுருள். பிரிண்ட் கொடுக்கும் நேரத்தில் தாள் அளவு, ஓரம், எழுத்தளவு எல்லாவற்றையும் பார்த்து அந்தக் கணினி வெட்டுவதுதான் பக்கம். பிடிஎஃப் மாதிரி எல்லோருக்கும் ஒரே மூன்றாம் பக்கம் இல்லை. ஆகவே ஏழு கணினியிலும் ஏ4 என்று மாற்றினோம், ஃபோனில் சொல்லும்போது பக்க எண்ணைச் சொல்வதை விட்டுவிட்டு "இன்ன திகதி இன்னார் எழுதிய மெயில்" என்று சொல்லப் பழகினோம். ஒரு கந்தோரில் இதைத் தொடங்குகிறவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இந்த ஏ4 வேலையை முதல் நாளே முடித்துவிடுங்கள்.

அவுட்லுக் பற்றி. எங்களிடம் இருப்பது கணினியில் ஏற்றிப் பாவிக்கும் பழைய, கிளாசிக் என்று இப்போது சொல்லப்படும் அவுட்லுக். மெயிலைத் திறந்து 'ஃபைல்', 'பிரிண்ட்' போனால் ஒரு பக்கம் முன்னோட்டம் வரும், பெரிய பிரிண்ட் பொத்தான் முன்னால் நிற்கும். கை நேராக அதற்குப் போகும். போக விடாதீர்கள். அதற்குக் கொஞ்சம் கீழே 'பிரிண்ட் ஒப்ஷன்ஸ்' என்று இருப்பதைத் திறந்தால் 'பேஜ் ரேஞ்ச்' இருக்கிறது, அதில் 'பேஜஸ்' என்பதைத் தெரிவு செய்து 1-2 என்று எழுதினால் போதும். ஒரு படி உள்ளே இருப்பதால் நாங்கள் இத்தனை வருடம் அதைத் திறந்தே பார்க்கவில்லை. அதே பெட்டியில் இணைப்புகளையும் சேர்த்து பிரிண்ட் செய்யச் சொல்லும் ஒரு டிக் இருக்கிறது, புதிதாக வந்த தம்பி ஒரு நாள் தெரியாமல் அதைப் போட்டுவிட்டு, பக்கிங் லிஸ்ட் 60 பக்கமும் வந்து விழும்வரை பிரிண்டர் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். அவனைக் குறை சொல்ல முடியாது, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஜிமெயிலில் இந்தப் பயம் இல்லை, இணைப்புகளின் பெயர் மட்டும் தாளின் அடியில் வரும், இணைப்பு வேண்டுமானால் தனியாகத் திறந்துதான் எடுக்க வேண்டும்.

அவுட்லுக்கில் முன்னோட்டம் சரியாக வராத மெயில் என்றால், மெயிலைத் தனி ஜன்னலில் திறந்து 'அக்ஷன்ஸ்' என்பதற்குள் 'வியூ இன் பிரவுசர்' கொடுத்தால் பிரவுசரில் திறக்கும், அங்கே இருந்து மேலே சொன்ன வழியில் பக்கம் தெரிவு செய்யலாம். 2024 ஓகஸ்டில் இருந்து எல்லோருக்கும் வந்திருக்கும் புது அவுட்லுக்கில் மூன்று புள்ளிக்குள் பிரிண்ட் இருக்கிறது, மற்றதெல்லாம் பிரவுசர் மாதிரியேதான்.

ஒரு விஷயத்தை மட்டும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கிளாசிக் அவுட்லுக்கில் வந்த மெயிலையே திருத்தும் வசதி இருக்கிறது, 'எடிட் மெசேஜ்' என்று. வேண்டாத பகுதியை அதில் அழித்துவிட்டு பிரிண்ட் எடுக்கலாம் என்று எங்கள் கணக்குப்பிள்ளை அண்ணா ஒரு யோசனை சொன்னார். சேமித்துவிட்டால் பெட்டியில் இருக்கும் மெயிலே மாறிவிடும். நாளைக்கு ஒரு வழக்கு வம்பு என்று வந்தால் எது உண்மையில் வந்த மெயில் என்று யாருக்கும் சொல்ல முடியாது. இரண்டு தாள் மிச்சம் பிடிக்க அந்த வேலை வேண்டாம்.

தண்டர்பேர்ட் நல்லது, பக்கத் தெரிவும் முன்னோட்டமும் ஒரே இடத்தில் இருக்கின்றன, ஃபயர்ஃபொக்ஸ் பாவித்தவர்களுக்கு அதே முகம்தான். அதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை.

ஃபோனில் இருந்து எடுப்பது எனக்கு எதிர்பாராத சந்தோஷம். அன்ட்ரொய்டில் ஜிமெயிலைத் திறந்து மெயிலின் மூன்று புள்ளிக்குள் பிரிண்ட் கொடுத்தால் பக்கங்கள் ஒன்றன் கீழ் ஒன்றாகப் படமாக வரும். என் ஃபோனில் ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் ஒரு சின்ன டிக் இருக்கிறது, வேண்டாத பக்கத்தின் டிக்கை எடுத்துவிட்டால் அது போய்விடும். எண் எழுத வேண்டியதே இல்லை. விரலால் தொட்டு இது வேண்டும், இது வேண்டாம் என்று சொல்வது எங்கள் சேர் போன்றவர்களுக்கு மிகச் சுலபம், அவர் இப்போது கணினியை விட்டு ஃபோனில்தான் எடுக்கிறார். பிரிண்டர் வைஃபையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெளியில் கொமியுனிகேஷன் கடைகளில் எடுப்பவர்களுக்கும் ஒரு சொல். ஒரு சனிக்கிழமை பின்னேரம் வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு கடையில் அவசரமாக ஒரு மெயில் எடுக்கப் போனேன். கடைக்காரப் பையன் தன் கணினியைக் காட்டி, "லொக் இன் பண்ணுங்க, நான் எடுத்துத் தாறன்" என்றான். பண்ணவில்லை, நீங்களும் பண்ண வேண்டாம், கந்தோர் மெயிலை ஊர்க் கணினியில் திறப்பது வீட்டுச் சாவியைக் கடையில் விட்டுவிட்டு வருவது போல. வாசலிலேயே நின்று ஃபோனில் பிரிண்ட் கொடுத்து, பிரிண்டருக்குப் பதிலாகப் பிடிஎஃப் ஆகச் சேமி என்பதைத் தெரிவு செய்து, வேண்டிய இரண்டு பக்கத்தை மட்டும் பிடிஎஃப் ஆக்கி அவனுக்கு அனுப்பினேன். அவன் இரண்டு பக்கத்துக்குத்தான் காசு வாங்கினான். கணினியில் குரோமில் எடுத்தாலும் 'டெஸ்டினேஷன்' என்ற இடத்தில் இதே வசதி இருக்கிறது. வாடிக்கையாளருக்கு மெயில் பிரதி கொடுக்கும்போது இப்போது தாளே கொடுப்பதில்லை, இப்படி வெட்டிய பிடிஎஃப்தான் போகிறது, அதுவும் நான் ஒரு தடவை திறந்து பார்த்த பிறகு.

எல்லா மெயிலையும் இப்படி வெட்ட முடியுமா என்றால், முடியாது. சரக்கு சேதம், கொள்கலன் தாமதக் கட்டணம், இழப்பீடு என்று பிரச்சினை கிளம்பிய ஃபைல் என்றால் முழுத்தொடரையும் எடுக்கிறேன், ஒரு வரி விடாமல். நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைப் பக்கம் போக வேண்டிய விவகாரத்தில் பாதி மெயிலைக் காட்டினால் மறுபாதியில் எதை ஒளிக்கிறீர்கள் என்றுதான் முதல் கேள்வி வரும். இலத்திரனியல் பதிவுகளுக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம், ஆகவே மூலப் பதிவு என்பது மெயில்பெட்டியில் இருப்பதுதான், ஃபைலில் இருக்கும் தாள் கை வேலைக்கு. அதனால்தான் மெயிலை அழிக்காமல் வைத்திருப்பதில் நான் கடுமையாக இருக்கிறேன், தாளில் சிக்கனமாக இருக்கிறேன். இரண்டு பக்கம் எடுத்தாலும் முதல் தாளின் மேல் மூலையில் பேனையால் '14இல் 1, 2' என்று எழுதி, கீழே எடுத்தவர் கையெழுத்தும் வைக்கிறோம். பின்னால் பார்க்கிறவருக்கு இது முழு மெயில் இல்லை என்று தெரிய வேண்டும். இது எந்த மென்பொருளும் செய்து தராது.

பேப்பர் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம், 500 தாள் கட்டு இரண்டரைக் கிலோ. எங்கள் வார்ஃப் கிளார்க் நானா ஒரு நாளைக்குப் பதினைந்து ஃபைல் வரை தூக்கிக்கொண்டு பிரதான வீதியில் இருக்கும் சுங்கத் திணைக்களத்துக்கும் துறைமுகத்துக்கும் நடக்கிறார். ஃபைலுக்கு 14 தாள் மெயில் என்றால் அதுவே ஒரு கிலோவுக்கு மேல், இரண்டு தாள் என்றால் 150 கிராம். "மகள், பையில என்னமோ குறையுது, எதையும் விட்டுட்டீங்களா?" என்று முதல் நாள் திரும்பி வந்து கேட்டார். ஃபைலைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். சுங்கத்துக்குக் கொடுக்கும் கஸ்டெக் படிவம் இருக்கிறது, இன்வொய்ஸ் இருக்கிறது, டெலிவரி ஓர்டர் இருக்கிறது, மெயில் இரண்டு தாள். கவுண்டரில் நிற்கும்போது வேண்டிய தாளைத் தேடிப் புரட்ட வேண்டியதில்லை என்று இப்போது அவர்தான் எல்லோருக்கும் சொல்லித் திரிகிறார்.

2022 மார்ச் ஞாபகம் இருக்கும். டொலர் இல்லை, பேப்பர் இறக்க முடியவில்லை, மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளையே பிற்போட்டார்கள். என் மகள் படித்து முடித்துவிட்டு, பரீட்சை எப்போது என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த மாதங்களில் எங்கள் கந்தோரில் பழைய மெயில் பிரிண்டுகளின் பின்பக்கத்தில்தான் டிராஃப்ட் எல்லாம் எடுத்தோம். அலுமாரியில் இருந்து கட்டுக் கட்டாக இறக்கினேன், ஒரு பக்கம் லோகோவும் இரகசிய எச்சரிக்கையும் மட்டும் அச்சாகி, யாருமே ஒரு தடவையும் படிக்காத தாள்கள். பிள்ளைகளுக்குப் பரீட்சைத் தாள் இல்லாத ஊரில் நாங்கள் இதை அடுக்கி வைத்திருந்தோம். அப்போதே மனதில் தைத்தது, ஆனாலும் கட்டு மறுபடியும் கடைக்கு வந்ததும் பழைய பழக்கத்துக்கே போனோம். அந்தப் பென்சில் வட்டம் வரும் வரை.

எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று கேட்டால், ஜிமெயிலும் குரோமும் சேர்ந்ததற்கு ஐந்துக்கு நாலு. கந்தோர் வேலைக்கு இதைத்தான் சொல்வேன். ஃபோன் வழிக்கும் நாலு, சேருக்காக. கிளாசிக் அவுட்லுக்குக்கு மூன்றரை, வசதி எல்லாம் இருக்கிறது, ஒரு படி உள்ளே போய்த் தேட வேண்டும் என்பதால் அரை குறைகிறது. தண்டர்பேர்டுக்கு நாலு கொடுக்கலாம், ஆனால் வீட்டில் தனி ஆளாகப் பாவித்த அனுபவம்தான் எனக்கு.

ஜிமெயிலுக்கு மீதி ஒன்றைக் கொடுக்காததற்குக் காரணம் இருக்கிறது. ஒரு தொடரில் ஏழாவது மெயிலில் விலை, பன்னிரண்டாவது மெயிலில் அதற்கு ஒப்புதல். இந்த இரண்டை மட்டும் டிக் செய்து ஒன்றாக பிரிண்ட் எடுக்க வழி இல்லை, ஒன்றை எடு அல்லது எல்லாவற்றையும் எடு என்றுதான் இருக்கிறது. நான் இப்போது 'பிரிண்ட் ஓல்' கொடுத்து, முன்னோட்டத்தை மெதுவாக உருட்டி, அந்த இரண்டு மெயிலும் எந்தெந்தப் பக்கத்தில் விழுந்திருக்கின்றன என்று ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டு, 1, 5, 8 என்று அடித்து எடுக்கிறேன். அப்போதும் ஐந்தாம் பக்கத்தின் மேல்பாதியில் வேறு யாருடையதோ ஒரு பதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும், அதில் விலை கிலை இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் படித்துப் பார்த்த பிறகுதான் தாளைக் கையை விட்டுக் கொடுக்கிறேன். மெயிலுக்கு மெயில் டிக் போட்டு எடுக்கும் வசதி வருகிற நாளில் அந்த ஐந்தாவதையும் போட்டுவிடுகிறேன்.